டிபி விட்டுச்சென்ற குழி

பிசானம் அறுப்பு முடிந்ததும் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வைக்கோல் படப்புகள் எழும்பும். ஈரம் காயாமல் அடுக்கிய படப்புக்குள் கையை நுழைத்தால் சுடும். நுண்ணுயிர்கள் உள்ளே வைக்கோலை மக்கவைக்கும் சூடு அது. அந்தச் சூட்டிலும் தழைக்கிற பூஞ்சை ஒன்று உண்டு: அஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ். 50 டிகிரியிலும் வளரும். பூஞ்சைகளில் பெரும்பாலானவை மனித உடம்பின் 37 டிகிரியையே தாங்காது. நமக்கு அதுவே பெரிய காப்பு. படப்பில் வளர்ந்து பழகிய இந்தப் பூஞ்சைக்கு அந்தக் காப்பு ஒரு தடையே இல்லை.

இதன் வித்துகள் 2, 3 மைக்ரான் அளவுதான். களத்துத் தூசியில் மட்டுமல்ல, பாளையங்கோட்டைத் தெருக்காற்றிலும் இருக்கின்றன. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் உள்ளிழுக்கிறோம். நுரையீரலின் காவல் செல்கள் அவற்றை விழுங்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

டிபி வந்து போன நுரையீரலில் நிலைமை வேறு. காசநோய்க் கிருமி திசுவை அழித்து உருக்குகிறது. உருகியது சளியாக வெளியேற, குழி மிஞ்சுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும், குழியைத் தூர்க்காது. காற்று தாராளமாக வந்துபோகும் அந்தக் குழிக்குள் காவல் செல்கள் சரியாகப் போய்ச்சேர முடிவதில்லை. அங்கே விழுந்த வித்து முளைத்து, இழைவிட்டு, சளியோடு திரண்டு உருண்டையாகிறது. நோயாளி புரண்டு படுத்தால் உருண்டையும் குழிக்குள் இடம் மாறும். எக்ஸ்ரேயில் அதன் மேல்விளிம்பில் காற்று பிறை வடிவில் தெரியும். 1968-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் இப்படிக் குழி மிஞ்சிய 544 பேரைச் சோதித்திருந்தார்கள். நாலில் ஒருவர் ரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கான எதிர்ப்பொருள் இருந்தது.

விடாத இருமல், எடை குறைவு, சோர்வு, சளியில் ரத்தம். டிபிக்கும் இதேதான். "திரும்பவும் டிபி வந்துட்டு" என்று வீடே முடிவுகட்டிவிடும். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தாலும், படம் சந்தேகமாக இருக்கிறதென்று மறுபடி மாத்திரை தொடங்கியவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சளிச் சோதனைகள் தேடியது காசநோய்க் கிருமியை மட்டுமே; அது இல்லை என்பதற்கு மேல் அவை ஒன்றும் சொல்லவில்லை.

அதே சளியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டால் என்ன நடக்கிறது பாருங்கள். சளியும் மனித செல்களும் கரைந்து தெளிகின்றன. பூஞ்சையின் உறுதியான சுவர் மட்டும் காரத்தைத் தாங்கி நிற்கிறது. கிளைபிரிந்த இழைகள் மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரிகின்றன. இவ்வளவு மலிவான சோதனை இவ்வளவு காட்டுவதை நான் அதிசயம் என்றே சொல்வேன். இது மட்டும் போதாது என்பதும் உண்மை. காற்றிலிருந்து வந்து சும்மா தங்கிய பூஞ்சையாகவும் இருக்கலாம். மூன்று மாதத்துக்குக் குறையாத தொந்தரவு, சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருள், எல்லாம் ஒத்துவந்த பிறகே மருத்துவர் உறுதி செய்வார்.

சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட கணிப்பின்படி, இந்தியாவில் இந்த நாள்பட்ட பூஞ்சைநோயோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 2.9 லட்சம் பேர். இவர்களுக்கான மருந்து இட்ராகோனசோல், குறைந்தது ஆறு மாதம். டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினோ கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தை வேகமாகச் சிதைக்க வைக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் பூஞ்சை மருந்து ரத்தத்தில் தேவையான அளவுக்கு ஏறாது. சளிச் சோதனையில் கிருமி இல்லையென்று வந்தும் இருமல் நிற்காதவர், முன்பு டிபி வந்ததைச் சொல்லி, "பூஞ்சைக்கும் பார்த்தாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம்.