அடுத்தவர் கையில் ஒரு பகடை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட முதன்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் வாள் வீரனைக் கேட்பார்கள், இல்லையென்றால் தீக்கோளம் வீசும் மந்திரவாதியை. கையில் வாத்தியத்தோடு நிற்கும் ‘பார்ட்’ என்ற பாணனைக் காட்டினால், “சண்டை நடக்கும்போது இவன் பாட்டுப் பாடி என்ன பண்ணப் போறான்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அந்தப் பாணன்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் கதை இது. டன்ஜன் மாஸ்டராக இருப்பவர் ஊரையும் காட்டையும் எதிரிகளையும் நடத்துவார். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட முதல் பதிப்பில் பாணன் கிடையாது. 1976 பிப்ரவரியில் ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ என்ற இதழில் டக் ஷ்வெக்மன் என்பவர்தான் அவனை எழுதிச் சேர்த்தார். வட ஐரோப்பிய ஸ்கால்டு, கெல்டிய பார்ட், தென் ஐரோப்பாவின் ஊர்சுற்றிப் பாடகன் மூவரையும் கலந்து செய்த உரு அது. அயர்லாந்தின் பழங்கதைகளில் புலவனின் வசை ஒரு ஆயுதம். விருந்தோம்பத் தெரியாத பிரெஸ் என்ற அரசனைக் கோர்பிரே என்ற புலவன் வசைபாட, அவன் ஆட்சி சரியத் தொடங்கியது என்பது கதை. புலவன் பழித்தால் முகத்தில் கொப்புளம் கிளம்பும் என்றும் நம்பினார்கள். அறம் பாடிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை.

1978-ல் வந்த விதிப் புத்தகத்தில் பாணனாக ஆவதே பெரும்பாடு. முதலில் போர்வீரனாகச் சில லெவல், பிறகு திருடனாகச் சில லெவல், அதற்கும் பிறகு ட்ரூயிடு எனும் பூசாரிகளிடம் சீடனாகச் சேர வேண்டும். பலம், அறிவு முதலான ஆறு குணங்களில் நான்கு, குறைந்தது 15 இருக்க வேண்டும். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் மற்றவர்களைப் போல அவனும் முதல் லெவலிலிருந்தே கிடைத்தான். ஆனாலும் எல்லாம் கொஞ்சம் தெரிந்த, எதிலும் முதலாக வராத ஆள் என்ற பெயர் போகவில்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை மாற்றியது. ஒன்பதாம் நிலை மந்திரம் வரை அவனுக்குக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமாக, ஒரு சின்ன விதியைச் செம்மையாக எழுதினார்கள்.

அதன் பெயர் ‘பார்டிக் இன்ஸ்பிரேஷன்’. பாணன் தன் முறையில், அறுபது அடிக்குள் தன் குரல் கேட்கும் தூரத்தில் நிற்கும் ஒரு தோழனுக்கு ஆறுமுகப் பகடை ஒன்றைத் தருகிறான். லெவல் ஏற ஏற அது எட்டு, பத்து, பன்னிரண்டு முகமாக வளரும். பெற்றுக்கொண்டவர் பின்னால் ஒரு முக்கியமான உருட்டலில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பாணன் அதைத் தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது. விதி அப்படி.

2014 விதிப்படி மேசையில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். கேடயமும் சங்கிலிக் கவசமும் போட்ட ஹாப்காப்ளின் தலைவன் எதிரே நிற்கிறான். அவனைத் தொட 18 வேண்டும். அது ஆடுபவர்களுக்குத் தெரியாது. வீரனாக ஆடும் நண்பர் பகடையை உருட்டுகிறார். 11 விழுகிறது. அவருடைய தாக்குதல் திறனுக்கான 5-ஐச் சேர்த்தால் 16. பட்டதா படவில்லையா என்று டன்ஜன் மாஸ்டர் வாய் திறப்பதற்குள் அவர் முடிவெடுக்க வேண்டும், பாணனாக நான் கொடுத்த பகடையை இப்போதே செலவழிப்பதா, வைத்துக்கொள்வதா என்று. மேசையில் எல்லோரும் அந்தச் சின்னப் பகடையைப் பார்க்கிறார்கள். உருட்டுகிறார். 3. மொத்தம் 19. வாள் இறங்குகிறது, நாற்காலிகள் நகர்கின்றன, நண்பர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டுகிறார். அது அவருடைய வெட்டு, அவருடைய வெற்றி. அதில் ஒரு 3 என்னுடையது. நானே உருட்டிய எந்த இருபதும் எனக்கு இந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

இன்னொரு கருவி ‘விஷியஸ் மாக்கரி’, அதாவது வசை. எதிரியின் காதில் விழுந்தால் போதும், மொழி புரிய வேண்டியதில்லை. 2014 விதிப்படி தொடக்கத்தில் நாலுமுகப் பகடை அளவுக்குத்தான் காயம். ஆனால் மனம் கலங்கிய எதிரியின் அடுத்த அடி இரண்டு முறை உருட்டப்பட்டு, சிறியதுதான் கணக்கில் சேரும். அந்த அடி என்மேல் விழ வேண்டியதாக இருக்காது. பெரும்பாலும் முன்வரிசையில் ரத்தம் சொட்ட நிற்கும் தோழன்மேல் விழ வேண்டியது. ஆக, பாணன் வைவதுகூட அடுத்தவரைக் காக்கத்தான்.

இந்தப் பாத்திரத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு ‘கிரிட்டிக்கல் ரோல்’ ஒரு சாட்சி. குரல் நடிகர்கள் ஆடிக் காட்டும், 2015-ல் நேரலையாகத் தொடங்கிய தொடர் அது. அதன் முதல் கதையில் சாம் ரீகல் ஆடிய ஸ்கேன்லன் ஷார்ட்ஹால்ட் ஒரு குள்ள நோம் பாணன். தெரிந்த பாட்டுகளின் மெட்டில் கேலிப் பாட்டுக் கட்டி நண்பர்களுக்குப் பகடை கொடுத்துக்கொண்டிருந்தவன். கடைசிப் போரில் வெக்னா என்ற கொடியவன் மந்திரத்தால் மறைந்து தப்பப் பார்க்கிறான். ஸ்கேன்லனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஒன்பதாம் நிலை மந்திரம். ‘விஷ்’ என்னும் வரத்தால் நண்பன் வாக்ஸை மரண தேவதையிடமிருந்து மீட்க அதை வைத்திருந்தான். அதைச் செலவழித்து வெக்னாவின் மந்திரத்தை முறித்தான். உலகம் பிழைத்தது, நண்பனைக் காப்பாற்ற வழியில்லாமல் போனது. சாம் ரீகலின் முகம் அந்த நொடியில் உடைந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிரிக்க வைக்க வந்த பாத்திரம் இவ்வளவு கனத்தைச் சுமக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

பாணன் என்றாலே கண்ணில் பட்டவரையெல்லாம் மயக்கப் பார்ப்பவன் என்று ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அப்படி ஆடுவதை நான் ஏற்பதில்லை. மற்ற நால்வரின் நேரத்தைத் தின்னும் ஆட்டம் அது. மேசையில் யாருக்காவது கூசும் என்றால் அதை முதல் நாளே பேசி விலக்கிவிடுவது நல்லது. பாணனின் வேலை கூட்டத்தின் கண்ணைத் தன்மேல் திருப்புவது இல்லை.

பாட வராதே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், பாட வேண்டியதே இல்லை. “சத்திரத்தில் உட்கார்ந்து, நேற்று பாலத்தில் தனியாக நின்ற நம் வீரனைப் பற்றிப் பாடுகிறேன்” என்று சொன்னால் போதும். அதற்கு, பாலத்தில் அவர் என்ன செய்தார் என்று உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். சத்திரக்காரியின் பெயர், மந்திரவாதி தன் தங்கையைப் பற்றி ஒருமுறை சொன்னது, எதிரித் தலைவன் நொண்டி நடப்பதாக டன்ஜன் மாஸ்டர் போகிறபோக்கில் சொன்னது எல்லாம் அதில் இருக்கும். வசையும் ஊக்கமும் அங்கிருந்துதான் வரும். நன்றாகக் காது கொடுப்பவர்தான் நல்ல பாணன் ஆகிறார். அதிகம் பேசாத, கூச்சமுள்ள நண்பர்கள் இந்தப் பாத்திரத்தில் சோபிப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விதிப் புத்தகம் வாங்கக் காசில்லையே என்றும் தயங்க வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாணனுக்கான விதிகளும் அதில் இருக்கின்றன.