முத்துப்பேட்டை: வெட்டின காடு ஏன் திரும்ப வளரல?

டெல்டான்னா வயல் மட்டுமா? கோரையாறும் பாமணியாறும் கடலில் சேரும் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கு. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, அதைக் ‘கூப்பு’களாகப் பிரித்து விறகுக்காக மொட்டையாக வெட்டினார்கள். திருட்டுக் கும்பல் இல்லீங்க, அரசாங்கமேதான்! தானா முளைச்சிடும் என்பது கணக்கு. முளைக்கல.

நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து, நிலம் தாம்பாளம் மாதிரி உள்வாங்கியது. ஏறி வந்த கடல்நீர் வடிய வழியில்லை. தேங்கி, வற்றி, உப்பு ஏறியது. விதை விழுந்தாலும் பிழைக்காது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டார்கள். அலைநீர் வந்து போன இடங்களில் பச்சை திரும்பியது. ஆனா வாய்க்காலில் வண்டல் சேர்ந்தா தண்ணி மறுபடி தேங்கும்; அதனால் தூர்வாருவதை நிறுத்த முடியாது.