கடற்கரை கிராமங்களில் வீட்டுத் தோட்டம்: கன்று வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிப் பாசனம் உள்ள ஏரல், ஆத்தூர் பகுதிகளில் வாழையும் வெற்றிலையும் செழித்து வளர்கின்றன. அங்கிருந்து கடற்கரையை நோக்கிச் சில கிலோமீட்டர் போனாலே உப்பளங்களும் தேரி மணலும் வந்துவிடுகின்றன. வேப்பலோடை, தருவைக்குளம், புன்னக்காயல், மணப்பாடு போன்ற கடலோர ஊர்களில் பல கிணறுகளிலும் போர்களிலும் தண்ணீர் உப்பாகவே இருக்கிறது. ஆற்றுப்பாசன ஊரில் நன்றாக வந்த கன்றை இங்கே கொண்டுவந்து நட்டால், சில மாதங்களில் இலை ஓரம் கருகிப் பட்டுப்போவதைப் பார்க்கிறோம். கன்றுக்குக் கொடுத்த பணமும் ஊற்றிய தண்ணீரும் வீண்.

குளிர் நாடுகளில் செடி கொல்லும் எதிரி உறைபனி. அமெரிக்காவில் குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்து நாட்டை மண்டலங்களாகப் பிரித்து 1960-ல் வரைபடம் வெளியிட்டார்கள். இன்று அதில் 13 மண்டலங்கள் உள்ளன. அங்கே நாற்றங்காலில் வாங்கும் செடியிலேயே மண்டல எண் இருக்கும். தன் ஊரின் எண்ணைப் பார்த்துத்தான் செடி வாங்குவார்கள். நமக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. நம் கடற்கரையில் செடியைக் கொல்வது உப்பும் காற்றும். எனவே நாம் பார்க்க வேண்டிய எண், தண்ணீரின் உப்பு அளவு.

உப்பு எப்படிக் கெடுக்கிறது?

மீனை உப்பிட்டுக் கருவாடு போடும்போது, உப்பு மீனில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. வேர்ப்பகுதியிலும் கிட்டத்தட்ட இதுவே நடக்கிறது. மண் ஈரமாக இருந்தாலும், உப்பு பிடித்து வைத்திருக்கும் நீரை வேரால் உறிஞ்ச முடியாது. முதலில் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காயும். இதைச் சத்துக்குறைவு என்று நினைத்து யூரியா போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். உரமும் ஒருவகை உப்புதான்.

பரிசோதனை செய்வது எப்படி?

போர் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, அன்றே அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மண் மாதிரியும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. முடிவில் இ.சி. எனப்படும் மின் கடத்தும் திறனையும், பி.எச். எனப்படும் கார அமில நிலையையும் பாருங்கள்.

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல்படி, தண்ணீரின் இ.சி. 0.7-க்குக் கீழ் இருந்தால் எந்தச் செடியும் நடலாம். 0.7 முதல் 3 வரை செடியைத் தேர்ந்தெடுத்து நட வேண்டும். 3-க்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் செடிகள் மட்டுமே.

எதை நடலாம், எதைத் தவிர்க்கலாம்?

பீன்ஸ், கேரட்டுக்கு இ.சி. 0.7 தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். வெங்காயம் 0.8, மிளகாய் 1.0, தக்காளி, வெள்ளரி 1.7 வரை தாங்கும். தட்டைப்பயறு 3.3 வரை இழப்பில்லாமல் வரும். கொத்தவரை அதைவிடவும் தாங்கும். உப்புத்தண்ணீர் உள்ள வீட்டில் கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை ஆகியவற்றில் தொடங்குவது நல்லது.

மரங்களில் தென்னை, சப்போட்டா, இலந்தை, பேரீச்சை ஆகியவை உப்பைத் தாங்கும். கொய்யா, மாதுளை, நெல்லி ஓரளவு தாங்கும். மா, எலுமிச்சை, வாழை தாங்காது. பூச்செடிகளில் அரளி, நித்தியகல்யாணி, காகிதப்பூ ஏற்றவை. அரளி நச்சுச்செடி, ஆடு, மாடு கடிக்காத இடத்தில் நடுங்கள். ரோஜாவைத் தரையில் நடாமல், மழைநீர் ஊற்ற முடிந்தால் மட்டும் தொட்டியில் வையுங்கள்.

காற்றுக்குத் தடுப்பு

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று ஈரத்தை உறிஞ்சித் தேரி மணலை வாரி அடிக்கும். ஐப்பசிக்குப் பின் வரும் கொண்டலும் வாடையும் உப்புச் சாரலைக் கொண்டுவரும். தோட்டத்தின் இருபுறமும் பூவரசம் போத்து அல்லது புன்னை, சவுக்கு வரிசையாக நடுங்கள். மரம் வளரும்வரை பனை ஓலைத் தட்டி போதும். காற்றை முழுவதும் மறிக்கும் சுவரைவிட, கொஞ்சம் வடிகட்டி விடும் வேலியே நல்லது. சுவரைத் தாண்டும் காற்று சுழன்று கீழே இறங்கிச் செடியை முறிக்கும்.

நடும் முறை

வடகிழக்குப் பருவமழை மண்ணில் உள்ள உப்பைக் கழுவிக் கீழே இறக்கும். எனவே புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில் நடுவதே சரி. மழைக்குள் வேர் பிடித்துவிட்டால் கோடையைத் தாங்கும்.

மரக்கன்றுக்கு 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, தொழுவுரமும் கரம்பை மண்ணும் கலந்து நிரப்புங்கள். தேரி மணலில் தண்ணீர் நிற்காது என்பதால் கரம்பை அவசியம். உப்பு படிந்த குளத்துக் கரம்பையை மட்டும் எடுக்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் தேங்கினால் முருங்கை, பப்பாளி வேர் அழுகிவிடும். இவற்றை ஓர் அடி உயர மேட்டில் நட்டு, வடிகால் விடுங்கள்.

பராமரிப்பு

* உப்புத்தண்ணீரைத் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு வேர் ஆழம் நனையும்படி விடுங்கள். இலையில் படக்கூடாது.
* பார் அமைத்து வாய்க்காலில் நீர் விட்டால், உப்பு பாரின் உச்சியில் சேரும். எனவே செடியைப் பாரின் பக்கவாட்டில் நடுங்கள்.
* சருகு, தென்னை மட்டை கொண்டு மூடாக்கு போடுங்கள். வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மேலே வருவது குறையும்.
* நாற்றுப் பருவத்தில் செடி உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். முதல் சில வாரங்களுக்கு மழைநீரோ நல்ல தண்ணீரோ கொடுங்கள்.
* பி.எச். 8.5-க்கு மேல் உள்ள களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம் பயன்படும். வெறும் உப்புக்கு ஜிப்சம் போடுவது வீண் செலவு. காரம் கூடிய மண்ணில் அடுப்புச் சாம்பலும் வேண்டாம்.

கோடையில் கிணற்றின் உப்பு கூடும் என்பதால் சித்திரையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை தண்ணீரைப் பரிசோதித்து, கூடுதலாக வந்த எண்ணை வைத்தே மரக்கன்றைத் தேர்ந்தெடுங்கள். மேலும் விவரங்களுக்கு அருகில் உள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியையோ அணுகலாம்.