“எனக்கு ஒன்னுமில்லே” என்று சொல்லும் பெரியவர்கள்

செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அடிமரத்தை அரிக்கும் காளான் நோய் ஒன்று உண்டு. கனோடெர்மா என்று அதிகாரிகள் சொல்வார்கள். கீழ்மட்டைகள் தொங்கி, நடுக்குருத்து விரியாமல் நின்று, “இந்த மரத்துக்கு என்னமோ ஆயிருச்சு” என்று நம் கண்ணுக்குப் படுகிற நேரத்தில், அடிமரத்தில் பாதி உள்ளுக்குள் செத்துப் போயிருக்கும். அதற்கு முந்தின மாதம்கூட அந்த மரத்தில் குலை வெட்டியிருப்போம்.

நம் வீட்டில் இருக்கும் வயதான தாய் தகப்பன் நிலையும் ஏறக்குறைய இதுதான். வெளியே பார்த்தால் நடமாடுகிறார்கள், வாசல் கூட்டுகிறார்கள், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் அவர்கள் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வெளியேறி, மகனோடு மலிவுவிலை வீட்டில் குடியிருந்தார். ஒரு நாள் கொல்லைப்புறத்தில் செருப்பில்லாமல் நடந்தபோது காலில் எதுவோ குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஈரக்கால் பட்டுத் தரையில் ரத்தக்கறை தெரிந்தபோதுதான் பார்த்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டார். பழைய துணியைச் சுற்றிக்கொண்டார். மகன் கேட்டான்.

“என்னம்மா காலுல?”

“ஒன்னுமில்லேய்யா. முள்ளு குத்திருச்சு. வலியே இல்லே.”

வலி இல்லை என்றதும் மகன் வேலைக்குப் போய்விட்டான். உண்மையில் அந்த வலி இல்லாததுதான் ஆபத்து. பல வருடமாக உடம்பில் இருந்த இனிப்பு நீர், காலின் உணர்ச்சியைக் கொன்றிருந்தது. மூன்றாவது வாரம் வீட்டில் வாடை வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

“எங்கம்மா ஒரு நாள்கூட படுத்ததில்லைங்க” என்று அந்த மகன் என்னிடம் அழுதான். படுக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமா? இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏன் சொல்வதில்லை?

நம் பெரியவர்கள் வலியை மறைப்பது பிடிவாதத்தால் அல்ல. அது தோட்டம் கற்றுக்கொடுத்த பழக்கம். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. டிரசர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் லீவு. காய்ச்சலோடும் இடுப்பு வலியோடும் பால் வாளி தூக்கியவர்கள் அவர்கள். “முடியலே” என்ற வார்த்தையை வாயில் வராமல் அடக்கிப் பழகியவர்கள், அறுபது எழுபது வயதில் திடீரென்று சொல்லிவிடுவார்களா?

இன்னொரு காரணமும் உண்டு. மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது, மருமகளுக்குப் பாரமாகக் கூடாது என்ற எண்ணம். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்ற பழைய பயம். “சர்க்கரை போடாத கோப்பி குடி” என்று சொல்லிவிடுவார்களோ என்ற சின்ன பயமும் கூடத்தான்!

2019-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31.4 பேர். நாட்டில் நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. 2023-இல் மறுபடியும் எடுத்த ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 ஆகக் குறைந்தது. என்றாலும் நாம் நிம்மதியாகத் தூங்கும் அளவுக்கு அது சின்னக் கணக்கு அல்ல.

ஆகவே பெரியவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாமாகப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

வாரத்தில் ஒரு நாள், எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு, பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். இதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம். கண்ணும் கையும் போதும்.

முதலில் கால். உள்ளங்கால், குதிகால் வெடிப்பு, விரல் இடுக்கு மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம், கறுப்பு, ஈரப்புண், நகம் உள்ளே வளர்ந்திருப்பது எதுவானாலும் உடனே கிளினிக்குக் காட்ட வேண்டும். விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிட வேண்டும். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். இடுக்கில் தடவக் கூடாது. கால் மரத்துப்போகிறது என்று வெந்நீர்ப் போத்தல் வைப்பதும், நெருப்பில் காட்டுவதும் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த கால் வெந்துபோவது அவர்களுக்கே தெரியாது.

அடுத்து வாய். வெற்றிலை பாக்கோடு புகையிலை போட்ட பெரியவர்கள் நம்மிடையே அநேகம். வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் பல் கிளினிக்குக் கூட்டிப்போங்கள். காரம் பட்டாலே எரிகிறது என்றாலும், மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழையவில்லை என்றாலும் அப்படியே. வாய்ப்புற்றை ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்ற வழி உண்டு. தொண்டைக்குக் கீழே சோறு இறங்காத நாளில் கண்டால் வழி குறுகிவிடும்.

மூன்றாவது உடம்பு இளைப்பு. “ஆயா மெலிஞ்சு அழகாயிட்டாங்க” என்று சிரிக்காதீர்கள். ரவிக்கை தொளதொளவென்று ஆகிறதா, வளையல் தானே கழன்று விழுகிறதா, தாத்தாவின் கைலி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறதா? பட்டினி கிடக்காமலே எடை குறைந்தால் காரணம் தேட வேண்டும். அதோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான்காவது நடை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். எழுந்தவுடன் சுவரைப் பிடிக்கிறார்களா? அப்படியானால் தொடையில் பலம் குறைகிறது, அல்லது தலை சுற்றுகிறது என்று பொருள். அடுத்து நடக்கப் போவது விழுவதுதான்.

கடைசியாகப் பேச்சு. இரண்டு நிமிடம் சும்மா பேசுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா? அடுப்பை அணைக்க மறக்கிறார்களா? பழகிய கடைக்குப் போய் வழி தெரியாமல் நின்றார்களா? “வயசாயிருச்சு” என்று தள்ளிவிடக் கூடாது. சில வேளை கண்புரையும் காது மந்தமும்கூட ஆளை மந்தமாகக் காட்டும். அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. லயத்து வாசலில் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள், தோட்டம் கைமாறி அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தனிமையும் ஒரு நோய்க்கு வாசல்தான். கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய் வரச் சொல்லுங்கள்.

சமையல்கட்டில்

எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவதே நம் தாய்மார்களின் வழக்கம். ரசம் சோறு, கருவாடு, ஊறுகாய். இதில் சோறும் உப்பும் இருக்கிறதே தவிர, தசைக்குப் பலம் கொடுப்பது எங்கே? வயதானவர்களுக்கு முட்டை, பருப்பு, மீன், தெம்பே ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். கொல்லையில் முருங்கை நின்றால் கீரைக்குக் காசு தேவையில்லை.

தட்டைப் பிரிக்கச் சுகாதார அமைச்சு சொல்லும் வழி சுலபமானது. ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்பார்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் முட்டை வகை, பாதிப் பங்கு காய்கறியும் பழமும். கருவாட்டை அறவே நிறுத்தச் சொன்னால் தாத்தா கோபித்துக்கொள்வார். நன்றாக ஊறவைத்துக் கழுவி, வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆரம்பியுங்கள். கட்டிப்பால் தேநீரில் இருக்கும் சர்க்கரையையும் மறந்துவிடாதீர்கள்.

குளியலறையும் பின்வாசலும்

கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்கள் மறுபடி பழையபடி நடப்பது சிரமம். ஆனால் விழாமல் தடுக்கச் செலவு அதிகமில்லை. பாசி பிடித்த சிமிந்துத் தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி அடியுங்கள். தேய்ந்த ஜப்பான் செருப்பைத் தூக்கிப் போட்டு வேறு வாங்கிக் கொடுங்கள். இரவில் எழும்போது கட்டிலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள்.

மாய மாத்திரை

பசார் மாலாமிலும், வீடு வீடாக வருகிறவர்களிடமும் மூட்டுவலிக்குப் பொடியும் மாத்திரையும் வாங்குகிறோம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். முகம் பூரித்துவிடும். நல்லாப் பசிக்கும். இதைக் கண்டு ஏமாறாதீர்கள். இப்படிப்பட்ட சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள். வலியை மறைத்துவிட்டு, இனிப்பு நீரையும் ரத்தக் கொதிப்பையும் ஏற்றி, எலும்பை அரித்துவிடும் மருந்து அது. பதிவு பெற்ற மருந்தில் ‘மால்’ என்று தொடங்கும் எண்ணும், மின்னும் முத்திரையும் இருக்கும். அவை இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். “திட்டுவாங்க” என்று மறைக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை

வீட்டில் கண்ணால் பார்ப்பது பாதிதான். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் கண்ணுக்குத் தெரியாது. ஊசி குத்தி, கையில் பட்டை கட்டித்தான் அறிய முடியும். முன்பு தோட்டத்திலேயே டிரசர் இருந்தார். பெரியவர்களைப் பேர் சொல்லி அழைத்து விசாரிப்பார். பல தோட்டங்களில் இன்று அந்த வசதி இல்லை. அதனால் நாமே கூட்டிப்போக வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுகிறவர்களும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியும் நாற்பது வயதோ அதற்கு மேலோ இருந்தால் இலவசமாக உடம்பைச் சோதித்துக்கொள்ளலாம். திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குக்கு மைகாட்டை எடுத்துக்கொண்டு போனால் போதும். இரண்டு தடவை போக வேண்டும்: முதலில் சோதனைக்கு, பிறகு முடிவைக் கேட்க. முதல் தடவை போய்விட்டு இரண்டாவதுக்குப் போகாமல் விடுகிற தவற்றைச் செய்யாதீர்கள். முடிவைத் தெரிந்துகொள்ளாத சோதனையால் என்ன பயன்?

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவு 7 அல்லது அதற்கு மேல் என்றாலும், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ தொட்டாலும் டாக்டர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஏறியதா, இறங்கியதா என்று அதுவே சொல்லும்.

யார் செய்வது?

இவ்வளவையும் படித்துவிட்டு, “இந்தா, மாமியைப் பார்த்துக்கோ” என்று பேப்பரை மனைவி கையில் கொடுக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. அவளும் பேக்டரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறாள். பெற்ற தாயின் காலைப் பிடித்துப் பார்க்க மகனுக்கு என்ன வெட்கம்? பேரப்பிள்ளையிடம் டார்ச் விளக்கைக் கொடுங்கள். ஆயாவின் காலுக்கு அவன் அடிக்கட்டும். எண்ணை நோட்டில் எழுதட்டும். நாளை உங்கள் காலைப் பார்க்கவும் அவன் கற்றுக்கொண்டவனாக இருப்பான்.

காலை இழந்த அந்த அம்மா இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். மிஞ்சிய ஒரு காலை மகன் இப்போது தினமும் கழுவித் துடைத்துப் பார்க்கிறான். முதல் நாள் அவர் காலை இழுத்துக்கொண்டாராம். “எதுக்குய்யா ஒனக்கு இந்த வேலை? எனக்கு ஒன்னுமில்லே” என்றாராம்.

“ஒன்னுமில்லேங்கிறதை நானே பார்த்துக்கிறேம்மா” என்றானாம் மகன்.

இந்த வார்த்தையை அவன் கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம்.