ரிப்போர்ட்டை மீட்டுக்கொண்டால் கேஸ் முடிந்துவிடுமா? மாவட்ட நீதிமன்றங்களில் டிபிபி செய்யும் வேலை

கணவர் அடித்துவிட்டார் என்று மனைவி போலீசில் புகார் செய்கிறார். கணவர் கைதாகி, குற்றம் சாட்டப்பட்டு, ஜாமீனில் வெளியே வருகிறார். இரண்டு மாதம் கழித்து மாமியார், மச்சான், கோயில் தலைவர் என்று ஆளாளுக்குப் பேசி, "பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா, போய் தாரிக் பாலிக் பண்ணிடு" என்கிறார்கள். அந்த அம்மாவும் நிலையத்துக்குப் போய், முதல் புகாரை மீட்டுக்கொள்வதாக இன்னொரு புகார் கொடுத்துவிட்டு வருகிறார். வீட்டில் எல்லாரும் கேஸ் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் நீதிமன்றத் தேதி மட்டும் வழக்கம்போல வந்து நிற்கிறது.

அந்த வழக்கு இப்போது அந்த அம்மாவுடையது அல்ல என்பதே இதற்குக் காரணம். கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவின்படி, ஒரு குற்ற வழக்கைத் தொடுப்பதா, நடத்துவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் சட்டத்துறைத் தலைவருக்கு உரியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 376-ஆவது பிரிவு அவரையே அரசுத் தரப்பு வழக்குநர் ஆக்குகிறது. தம் சார்பில் துணை அதிகாரிகளை நியமிக்கவும் இடம் தருகிறது. அந்தத் துணை அதிகாரிகள்தான் துணை அரசு வழக்கறிஞர்கள். மலாயில் தீம்பாலான் பெண்டாக்வா ராயா. ஊரில் டிபிபி என்றால்தான் தெரியும் என்பதால் இங்கும் அப்படியே சொல்கிறேன்.

புகார் கொடுத்தவர் மனம் மாறியதை டிபிபி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சில சிறு குற்றங்களில் சமரசத்துக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆனால் முடிவு அவருடையது. "யார் சொல்லி மீட்டுக்கொள்கிறீர்கள், மிரட்டினார்களா?" என்று அவர் கேட்டால் கோபப்பட வேண்டாம். கேட்காமல் விட்டுவிடும் டிபிபியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். கணவனோ மனைவியோ தம் துணைக்குக் காயம் விளைவித்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கமாக உள்ள அதிகபட்சச் சிறைத் தண்டனையைப் போல் இரண்டு மடங்கு வரை விதிக்கத் தண்டனைச் சட்டத்தின் 326ஏ பிரிவு வழி செய்கிறது. குடும்பச் சண்டை, வீட்டோடு முடியட்டும் என்ற பேச்சைச் சட்டம் ஏற்கவில்லை என்பதற்கு இந்தப் பிரிவே போதும்.

பெரிய நகரத்து டிபிபிக்கும் உள்ளூர்ப்புற டிபிபிக்கும் சட்டத்தில் வேறுபாடு கிடையாது. நாள் நடப்பில்தான் நிறைய வேறுபாடு. பேராக்கை எடுத்துக்கொள்வோம். மாநில வழக்குத் தொடுப்பு அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது. வழக்குகளோ தெலுக் இந்தான், தாப்பா, சுங்கை சிப்புட், பாரிட் புந்தார், கிரிக் என்று சிதறிக் கிடக்கின்றன. ஈப்போவிலிருந்து கிரிக்குக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சின்ன ஊர்களில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துச் சிறு வழக்குகளைப் பெரும்பாலும் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி நடத்துவார். அவருக்கும் அரசுத் தரப்பின் எழுத்து மூல அனுமதி வேண்டும். டிபிபியின் கட்டளைக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் டிபிபியே நிற்பார். கொலை போன்ற மரண தண்டனைக் குற்றங்கள் உயர்நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

கோப்புகளில் என்ன இருக்கும்? மோட்டார் சைக்கிள் திருட்டு, போதைப்பொருள், வெட்டுக்குத்து, குடும்ப வன்முறை. அதோடு தோட்டப்புறத்துக்கே உரிய ஒன்றும் உண்டு: செம்பனைக் குலைத் திருட்டு. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவில் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. வழக்காகப் பார்த்தாலும் இது அவ்வளவு எளிதல்ல. திருட்டு மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் எண் இருக்கிறது. செம்பனைக் குலைக்கு எந்த எண் இருக்கிறது? பிடிபட்ட லாரியில் இருந்த குலைகள் இந்தத் தோட்டத்து மரத்தில் வெட்டியவைதான் என்று நிரூபிக்க வேண்டும். குலைகளோ சில நாளில் கெட்டுப்போகும். விசாரணை நாள்வரை நீதிமன்றத்தில் காத்திருக்காது. அதனால் அன்றைக்கே எடுத்த படம், நிறுத்த எடை, புதிதாக வெட்டிய காம்பைப் பார்த்த காவலாளியின் சாட்சி, இவற்றை வைத்துத்தான் டிபிபி வழக்கைக் கட்ட வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓட்டை வழியாகவே வெளியே போய்விடுவார்.

போலீசார் விசாரணை அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்ததும் டிபிபி படித்துப் பார்க்கிறார். குற்றம் சாட்டச் சொல்லலாம், இன்னும் விசாரித்து வா என்று திருப்பி அனுப்பலாம், மேல் நடவடிக்கை இல்லை என்று மூடலாம். திருப்பி அனுப்புவதுதான் பலருக்கும் புரியாத இடம். "ரிப்போர்ட் கொடுத்து மூன்று மாசம் ஆச்சு, ஒன்னும் நடக்கல" என்ற மனக்குறை பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தில்தான் பிறக்கிறது. இதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவில் ஒரு வழி இருக்கிறது, தெரிந்தவர்கள் குறைவு. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், புகார் கொடுத்து 4 வாரம் கழிந்தபின், அதே நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். அவர் 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்குநருக்கே முறையிடலாம். எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாட்சிகள். உள்ளூர்ப்புற வழக்குகள் சரிவதற்குச் சட்ட நுணுக்கத்தைவிட இதுவே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். தோட்டம் கைமாறுகிறது, லயம் இடிபடுகிறது, குடும்பம் கிள்ளானுக்கோ ஜொகூருக்கோ போய்விடுகிறது. சாட்சி அழைப்பாணை பழைய லயத்து முகவரிக்குப் போய்த் திரும்பி வருகிறது. கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோப்பில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். பொதுவாகப் போதாது. சாட்சி நீதிமன்றத்துக்கு வந்து வாயால் சொன்னால்தான் சாட்சியம். டிபிபி ஒரு முறை ஒத்திவைப்புக் கேட்பார், இரண்டாம் முறையும் கேட்பார். அதற்கு மேல் நீதிமன்றம் இடம் கொடுக்காது. குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கிலிருந்து விடுவிப்பார்கள். அது முழு விடுதலையாக இல்லாமல், மீண்டும் குற்றம் சாட்ட இடமுள்ள விடுவிப்பாக இருக்கலாம். ஆனால் சாட்சி கிடைக்கவே இல்லை என்றால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீடு மாறும்போது மின்சாரக் கணக்கை மாற்றுகிறோம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றுகிறோம். விசாரணை அதிகாரிக்குப் புது முகவரியும் எண்ணும் சொல்லும் பழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

வந்து நிற்கும் சாட்சிக்கும் மொழிச் சிக்கல் உண்டு. வயதானவர் தமிழில் சொன்னதை அதிகாரி மலாயில் எழுதிக்கொள்கிறார். "கத்தியைக் கையில் வைத்திருந்தான்" என்று சொன்னது "கத்தியால் குத்த வந்தான்" என்று ஆகிவிடலாம். பாட்டி கைநாட்டு வைக்கிறார். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் மூலம் நடந்ததை நடந்தபடி சொல்கிறார். "அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள், இன்றைக்கு ஒன்று சொல்கிறீர்களே!" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்கிறது. உண்மை பேசிய பாட்டி பொய் சொல்பவராகத் தெரிகிறார். இது நடக்கக்கூடாது என்றுதான் 112-ஆவது பிரிவு, வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கு அவர் சொன்ன மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்பும் தந்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. "தமிழில் படித்துக் காட்டுங்கள்" என்று கேட்பது அதிகாரியை அவமதிப்பது ஆகாது.

டிபிபி நம் சொந்த வக்கீல் அல்ல. பாதிக்கப்பட்டவருக்காக மட்டும் அவர் பேசுவதில்லை. பிரதிவாதிக்குச் சாதகமான ஆவணம் இருந்தால் அதையும் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். ஆனாலும் அவரிடம் கேட்டுப் பெறக்கூடியவை இரண்டு உண்டு. குற்றவாளி என்று தீர்ப்பான பின், தண்டனை அறிவிக்கும் முன்பு, இந்தக் குற்றத்தால் தமக்கு என்ன ஆனது என்று பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ நீதிமன்றத்தில் சொல்லலாம். 183ஏ பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் நாமாகக் கேட்க வேண்டும். அடுத்தது, 426-ஆவது பிரிவின் கீழ் இழப்பீடு. டிபிபி விண்ணப்பித்தால், குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடும். மருத்துவச் செலவு ரசீதுகளை மூன்றாம் நாளே குப்பையில் போட்டுவிட்டு, பிறகு கணக்குச் சொல்ல முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

சரி, கூண்டில் நிற்பது நம் பையனாக இருந்தால்? மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் அவனை வைத்திருக்க முடியாது. உத்தரவு கிடைத்தாலும், 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேல் கிடையாது. குற்றச்சாட்டை வாசிக்கும்போது "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று வராந்தாவில் யாரோ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டக் கூடாது. ஒப்புக்கொண்டபின் டிபிபி நடந்தவற்றை வாசிப்பார். அதில் தான் செய்யாதது ஏதும் இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். சொன்னால் நீதிமன்றம் அந்த ஒப்புதலை ஏற்காமல் வழக்கை விசாரணைக்கு அனுப்பும். மொழி புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வழக்கறிஞருக்கு வசதி இல்லாத மலேசியர்களுக்கு, தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் குற்ற வழக்குகளில் உதவி வருகிறது. குற்றச்சாட்டைக் குறைக்கவோ கைவிடவோ கோரி வழக்கறிஞர் டிபிபிக்கு மனு எழுதலாம். ஏற்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். சட்டப் பட்டம் முடித்து அரசின் சட்டச் சேவையில் சேருபவர்கள் டிபிபி ஆகலாம். சின்ன ஊருக்குப் போட்டால் அழ வேண்டாம். சாட்சிக் கூண்டில் நிற்கும் பாட்டி தமிழில் சொன்னது மலாயில் சரியாக வந்ததா என்பது அந்த அறையில் உங்களுக்குத்தான் உடனே தெரியும்.