மடியிலுள்ள குழந்தையின் நிறை

பாடசாலை விடுமுறையும் பெருநாட்களும் வந்துவிட்டால் வான்களிலும் கார்களிலும் குடும்பம் குடும்பமாகப் பயணம் செய்வது நம்மவர் வழக்கம். அப்பயணங்களில், முன் ஆசனத்தில் தாயின் மடியில் கைக்குழந்தை அமர்ந்திருப்பது சர்வசாதாரணமான காட்சி. தாயின் அணைப்பைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்பதே பலரதும் நம்பிக்கை. ஓடும் வாகனத்தில் இருப்போர் மீது செயற்படும் விசைகளைக் கணக்கிட்டுப் பார்ப்பின், இந்நம்பிக்கை எத்துணை ஆபத்தானது என்பது புலனாகும்.

இவ்விசைகள் 'ஜி' என்னும் அளவினால் குறிப்பிடப்படுகின்றன. புவியீர்ப்பினால் விழும் பொருளின் வேகம் செக்கனுக்கு 9.8 மீற்றர் வீதம் அதிகரித்துச் செல்கின்றது. அந்த ஆர்முடுகலே 1 ஜி. ஒருவர் மீது 1 ஜி செயற்படுகிறதெனின், அவரது நிறைக்குச் சமமான விசை அவரைத் தாக்குகின்றது எனலாம். வழமையான பிரேக்கின்போது ஏறத்தாழ 0.3 ஜியும், உலர்ந்த வீதியில் திடீரென மிதிக்கும்போது 0.8 ஜி அளவும் உணரப்படும். உண்மையில் நம்மை முன்னோக்கி எவரும் தள்ளுவதில்லை. வாகனம் வேகங் குறைய, சடத்துவத்தினால் உடல் பழைய வேகத்திலேயே செல்கின்றது.

வளைவுகளிலும் இதுவே நிகழ்கின்றது. 30 மீற்றர் ஆரையுடைய மலைநாட்டு வளைவொன்றை மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் கடந்தால் பக்கவாட்டில் 0.4 ஜி. அதே வளைவில் 60 கிலோமீற்றர் எனின் 0.9 ஜியைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்காக, விசை இரண்டேகால் மடங்காகின்றது. பயணிகள் நின்றபடி நெருக்கியடித்துச் செல்லும் உயரமான பஸ் அதற்கு முன்னரே கவிழ்ந்துவிடக்கூடும்.

மோதலின் கணக்கோ வேறு. மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் கார் ஒன்று மதிலில் மோதுகின்றது என்று கொள்வோம். அதன் முற்பகுதி 60 சென்ரிமீற்றர் நசுங்கி வாகனம் நிற்குமாயின், அமர்முடுகல் சராசரியாக 16 ஜி. ஆசனப்பட்டி அணிந்தவர் வாகனத்துடன் சேர்ந்தே நிற்பதால் அவருக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். பட்டி அணியாதவரோ அதே வேகத்தில் பாய்ந்து முன்பலகையில் மோதி, 10 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தப்படுகின்றார். அவ்வேளை அவர்மீது செயற்படுவது ஏறக்குறைய 100 ஜி.

இனி மடியிலுள்ள குழந்தைக்கு வருவோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையை 16 ஜியில் பிடித்துவைத்திருக்க, 160 கிலோ சுமையைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். அதுவும் பத்தில் ஒரு செக்கனுக்குள். எந்தத் தாயாலும் தந்தையாலும் இது இயலாது.

மறுபுறத்தில், முறையாகக் கட்டப்பட்ட உடல் வியக்கத்தக்களவு தாங்கும். 1954 டிசெம்பரில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் ஸ்டாப், றொக்கற் பொருத்திய சறுக்கு வண்டியில் மணிக்கு 1,000 கிலோமீற்றரை அண்மித்த வேகத்தில் சென்று, ஒன்றரைச் செக்கனுக்குள் நிறுத்தப்பட்டார். 46 ஜியைச் சந்தித்தும் உயிர் தப்பினார். 1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அறிமுகப்படுத்திய மும்முனைப் பட்டியையே இன்றும் நாம் அணிகின்றோம். அது விசையை நெஞ்செலும்பு, இடுப்பெலும்பு ஆகிய பலமான பகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது.

இலங்கையில் சாரதிக்கும் முன் ஆசனப் பயணிக்கும் 2011இல் ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது. அபராதத்துக்கு அஞ்சி முன்னாலிருப்போர் அணிகின்றனர். பின் ஆசனப் பட்டிகளோ பல வாகனங்களில் ஆசன உறைகளின் அடியில் புதைந்து கிடக்கின்றன. பெரியவர்களுக்கான அப்பட்டி கைக்குழந்தைக்குப் பொருந்தாது. தாயையும் சேயையும் ஒரே பட்டிக்குள் இட்டால், தாயின் உடற்பாரமே குழந்தையை நசுக்கும். குழந்தைக்கென அமைந்த ஆசனத்தைப் பின்புறத்தில் பொருத்துவதே வழி.