பறவை நோக்கர் கழகம்: உலாவும் உரையும்



நாள்தோறும் நீங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து வருகின்றீர்கள். வழியில் கண்ட பறவைகள் யாவை என வினவினால், உங்களுள் பலர் “காகம், குருவி, கொக்கு” என மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள்கின்றீர்கள். ஆனால் அதே வழியில் வாய்க்காலோரம் கானாங்கோழி ஒன்று தன் குஞ்சுகளோடு ஓடியிருக்கும். மின்கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருக்கும். புதர்க்குள்ளிருந்து செம்போத்து ஆழ்ந்த குரலில் கூவியிருக்கும். இளஞ்செம்பனை நடப்பட்ட மேட்டுக்குமேல் கருஞ்சிறகுப் பருந்து இறக்கையடித்து ஓரிடத்திலேயே நின்று எலியைத் தேடியிருக்கும். இவை அனைத்தும் உங்கள் கண்முன் நிகழ்ந்தவையே. பெயர் அறியாத காரணத்தால் அவை உங்கள் கண்ணில் படவில்லை. இக்குறையைப் போக்குதற்கென அமைந்ததே பறவை நோக்கர் கழகம். அதன் பணிகளை இக்கட்டுரையில் விளக்கிக் கூற விழைகின்றேன்.

கழகத்தின் தோற்றம்

நம் நாட்டில் இத்தகைய கழகங்களுக்கு முன்னோடியாக விளங்குவது 1940ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலாயா இயற்கைக் கழகமாகும். இன்று அது மலேசிய இயற்கைக் கழகம் என வழங்குகின்றது. அதன் சிங்கப்பூர்க் கிளை 1991ஆம் ஆண்டில் தனிக் கழகமாயிற்று. இவற்றில் அறிவியலறிஞர்கள் மட்டுமன்றி ஆசிரியர்கள், எழுத்தர்கள், மருத்துவர்கள், மாணவர்கள் எனப் பலரும் உறுப்பினராய் உள்ளனர். ஒரு பள்ளியில் இதனைச் சிறிய அளவில் அமைப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர், குறிப்பேடும் பென்சிலும் உடைய பத்து மாணவர்கள், பறவைகளின் படம் அமைந்த நூல் ஒன்று ஆகியவை போதும். கழகத்தின் பணி இருவகைப்படும். ஒன்று உலா, மற்றொன்று உரை.

உலா செல்லும் முறை

உலாவுக்கு ஏற்ற பொழுது காலை 7 மணி முதல் 9.30 மணி வரையாகும். வெயில் ஏறியபின் பறவைகள் நிழல் தேடி ஒடுங்கிவிடும். பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிற உடைகளை அணிதல் நன்று. பத்துப்பேருக்கு மேல் ஒரே கூட்டமாய்ச் செல்லுதல் கூடாது. பேச வேண்டுமாயின் தாழ்ந்த குரலிற் பேசுதல் வேண்டும். பறவையைக் கண்டவர் கைநீட்டிக் கூச்சலிடாமல், “வலப்புற மரத்தில், இரண்டாம் கிளையில்” என மெல்லக் கூறுவாராயின் அனைவரும் காண்பர், பறவையும் அஞ்சிப் பறவாது.

தொலைநோக்கி இருப்பின் நலம். அதன்மேல் ‘8 x 40’ என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண், பொருளை எட்டு மடங்கு அண்மையிற் காட்டும் என்பதைக் குறிக்கின்றது. இரண்டாம் எண், முன்புறக் கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கின்றது. விட்டம் பெரிதாயின் ஒளி மிகுதியாக உட்புகும். தொலைநோக்கி இல்லாதவர் வருந்த வேண்டுவதில்லை. நம் தோட்டத்துப் பறவைகளுட் பெரும்பாலானவற்றை வெறுங்கண்ணாலேயே இனங்காணலாம்.

பறவையைக் கண்டவுடன் நூலைப் புரட்டுதல் கூடாது. பறவை பறந்துவிடும், நூல் ஓரிடமும் போகாது. முதலில் நன்றாக நோக்கிப் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பறவையின் அளவு யாது? சிட்டுக்குருவி, மைனா, புறா, காகம் ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டு, “மைனாவினும் சிறியது” என்றவாறு எழுதலாம். அலகு கூரியதா, தடித்ததா, வளைந்ததா? தலை, மார்பு, இறக்கை, வால் ஆகியவற்றின் நிறம் யாது? அது தத்திச் சென்றதா, நடந்ததா? தரையில் இருந்ததா, கிளை நுனியில் இருந்ததா? அதன் குரல் எத்தகையது? இவற்றோடு நாளும் நேரமும் இடமும் தவறாது எழுதப்படல் வேண்டும். பெயர் தெரியாவிடின் “பெயர் தெரியவில்லை” என்றே எழுதுக. ஊகித்து எழுதிய பெயர் ஒன்று, ஏட்டில் உள்ள மற்றைக் குறிப்புகளையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும்.

பெயரும் அதன் பின்னுள்ள செய்தியும்

ஒவ்வொரு பறவைக்கும் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் அடுத்தடுத்து எழுதுமாறு நம் மாணவர்களைப் பணித்துள்ளேன். ஒரு பெயர் கூறாத செய்தியை மற்றொரு பெயர் கூறும் என்பதே அதற்குக் காரணம். நாம் மீன்கொத்தி என்பதை மலாய் மக்கள் ‘ராஜா ஊடாங்’, அதாவது இறால்களின் அரசன் என்பர். கானாங்கோழி அவர்களுக்கு ‘ருவாக்-ருவாக்’. அது அப்பறவையின் குரலேயாகும். தூக்கணாங்குருவி ‘தெம்புவா’ எனப்படும். காரணமின்றித் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டாது என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. குளவிக்கூடோ எறும்புக்கூட்டமோ காவலாக அமைந்த இடத்தில் அப்பறவை உயரத்தைப் பற்றிக் கவலை கொள்ளாமையைக் கண்டே அப்பழமொழியை ஆக்கியிருத்தல் வேண்டும். உற்று நோக்கியவர்களின் அறிவு இவ்வாறு மொழியில் தங்கிவிடுகின்றது.

நாம் நாள்தோறும் காணும் காகத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. வீடுகளை அண்டி வாழும் சாம்பற்கழுத்துக் காகம் இந்நாட்டிற்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டு முடிவடையும் தறுவாயில், ரப்பர் பரவுவதற்கு முன், கிள்ளான் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பிச் செடியை அழித்த புழுக்களை ஒழிப்பதற்காக அக்காகங்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டன. காப்பி மறைந்தது, காகம் பெருகியது. தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்து வந்தோர் வரலாற்றை நாம் அறிவோம். அதே தொழிலுக்காகக் காகமும் கடல் கடந்தது என்பது எண்ணத்தக்கதன்றோ?

உரை நிகழ்ச்சி

உலாவில் கண்டவற்றை ஒழுங்குபடுத்துவது உரை. மாதம் ஒருமுறை பள்ளி மண்டபத்தில் ஒருவர் அரைமணி நேரம் பேசுதலும், பின்னர் மாணவர் வினா எழுப்புதலும் மரபு. பேசுவோர் பட்டம் பெற்றவராய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. சென்ற ஆண்டு நம் கழகத்தில் உரையாற்றியவர்களுள் இருவரைக் குறிப்பிட விரும்புகின்றேன்.

ஒருவர், இளமை முதல் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி. இருள் பிரியுமுன் காட்டுக்குச் செல்லும் தொழிலாகையால், அக்காலத்தில் பறவையின் குரலே தமக்குக் கடிகாரமாய் இருந்ததென அவர் கூறினார். பக்கி ‘டொக், டொக்’ என ஒலிப்பது நின்று, குண்டுகரிச்சான் பாடத் தொடங்கினால் விடியல் நெருங்கிவிட்டது என்று பொருளாம். அவர் கூறிய பறவைப் பெயர்களுட் சில நூல்களில் இல்லை. மாணவர்கள் அவற்றை அவர் சொன்னவாறே எழுதிக்கொண்டனர்.

மற்றொருவர் தோட்டத்துக் கிராணி. அவர் கூகையைப் பற்றி உரையாற்றினார். கூகை அலறினால் வீட்டிற் சாவு நேரும் என அஞ்சி, அதனைச் ‘சாக்குருவி’ என வைதுரைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். செம்பனைக் காட்டில் கம்பத்தின்மேல் மரப்பெட்டிகள் பொருத்தப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை கூகைகள் குடியிருப்பதற்காகத் தோட்ட நிருவாகம் அமைத்தவை. செம்பனைப் பழத்தை அழிப்பதில் எலிக்கு நிகர் வேறில்லை. செம்பனைக் காட்டில் வாழும் கூகையின் உணவோ ஏறத்தாழ முழுவதும் எலியே. நஞ்சிட்டு எலியைக் கொல்வதைக் காட்டிலும் கூகையை வளர்ப்பது சிக்கனமானது. மேலும், நஞ்சுண்ட எலியைத் தின்னும் பிற உயிர்களுக்குத் தீங்கு நேர்வதையும் அது தவிர்க்கும்.

கூகையின் தட்டையான முகம் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்பும் தட்டு போன்றது. அதன் இரு செவிகளும் ஒரே உயரத்தில் அமைந்தவை அல்ல. ஆகவே ஒலி இரு செவிகளையும் வெவ்வேறு வகையில் எட்டுகின்றது. அவ்வேறுபாட்டைக் கொண்டே காரிருளிலும் எலியிருக்கும் இடத்தைக் கூகை துல்லியமாய் அறிகின்றது. இறகின் ஓரங்கள் மென்மையாக இருத்தலால் பறக்கும் ஓசையும் எழுவதில்லை. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய்வழியே உமிழ்ந்துவிடும். பெட்டியின் கீழே கிடந்த அத்தகைய உருண்டை ஒன்றை எம் மாணவர்கள் நீரில் ஊறவைத்துப் பிரித்தபொழுது எலியின் மண்டையோடு முழுமையாகக் கிடைத்தது. அவ்வுரைக்கு முன் அப்பெட்டிகள்மீது கல்லெறிந்து வந்த சிறுவர் சிலர், இன்று அவற்றிற்குக் காவலராய் உள்ளனர். அச்சத்தைப் போக்கியது அறிவே.

தொலைவிலிருந்து வரும் விருந்தினர்

போர்ட்டிக்சனுக்கு அருகே, மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த தஞ்சோங் துவான் என்னும் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத அளவில், குளிர்காலத்தைத் தென்தீவுகளிற் கழித்த தேன்பருந்துகளும் பிற வேட்டைப் பறவைகளும் சுமத்திராவிலிருந்து கடல் கடந்து அம்முனையை அடைகின்றன. அங்கிருந்து அவை வடக்கே தம் இனப்பெருக்க நிலங்களை நோக்கிச் செல்கின்றன.

அவை அவ்விடத்தைத் தெரிவு செய்வது ஏன்? பருந்து போன்ற அகன்ற சிறகுடைய பறவைகள், வெயிலால் சூடேறி நிலத்தினின்று மேலெழும் காற்றில் மிதந்து, இறக்கையடிக்காமலே நெடுந்தொலைவு செல்வன. கடலின்மேல் அத்தகைய காற்று எழுவது அரிது. ஆகவே அங்கு அவை தம் வலிமையாலேயே பறத்தல் வேண்டும். அம்முனைக்கும் எதிர்க்கரைக்கும் இடையே நீரிணை குறுகி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அளவே உள்ளது. எனவே அவ்வழியே கடப்பது அவற்றிற்கு எளிது. களைத்துத் தாழ்வாக வந்து சேரும் அப்பறவைகளைக் கரையில் நின்றே காணலாம். 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைக் கழகம் அங்குப் பொதுமக்களுக்கென வேட்டைப் பறவை நோக்கும் நிகழ்ச்சியை நடத்தி வந்துள்ளது. பெற்றோர் உதவியுடன் நம் கழகத்தாரும் ஒருமுறை அங்குச் செல்ல வேண்டும் என்பது என் அவா.

குறிப்பேட்டின் வலிமை

“இதனால் தேர்வில் மதிப்பெண் கூடுமா?” எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். நுணுகி நோக்குதல், ஒப்பிடுதல், எண்ணுதல், உண்மையை மட்டும் எழுதுதல் ஆகியவை எல்லாப் பாடங்களுக்கும் அடிப்படை என்பதே என் விடை. ஆயினும் குறிப்பேட்டின் பயன் அதனினும் பெரிது.

ஜி. சி. மேடோக் என்பார் மலாயாவில் பணிபுரிந்த காவல்துறை அதிகாரி. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அவரைச் சிங்கப்பூரில் சாங்கியில் சிறை வைத்தனர். அச்சிறைவாசத்திலேயே அவர் மலாயாப் பறவைகளைப் பற்றிய நூலொன்றை எழுதினார். அது போருக்குப்பின் 1947ஆம் ஆண்டில் வெளிவந்து, பலருக்கு முதல் வழிகாட்டியாயிற்று. உணவும் உரிமையும் இழந்த நிலையிலும், தாம் கண்டறிந்தவை தம்மோடு அழிந்துவிடக் கூடாதென அவர் கருதினார் போலும்.

மற்றொரு சான்றும் காண்போம். சிங்கப்பூரின் வடமேற்கே சுங்கை பூலோ என்னுமிடத்தில் கைவிடப்பட்ட இறால் குட்டைகள் இருந்தன. 1986ஆம் ஆண்டில் அங்குச் சென்ற பறவை நோக்கர்கள், வலசை வந்த கரைப்பறவைகள் பெருந்திரளாய்க் கூடுவதைக் கண்டனர். கண்டவற்றை முறையாகக் குறித்து, அவ்விடத்தைக் காக்குமாறு அரசாங்கத்திடம் வேண்டினர். அரசு அதனை ஏற்று, 1993ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. 2002ஆம் ஆண்டில் அது சட்டத்தால் காக்கப்படும் இயற்கைக் காப்பகமாயிற்று. விடுமுறை நாளில் தொலைநோக்கியோடு நடந்தவர்களின் குறிப்புகளே அதற்கு வித்தாயின.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. ‘பாராவ்-பாராவ்’ என மலாயில் வழங்கும் பறவை கொண்டைக்குருவி இனத்தைச் சார்ந்தது. வைக்கோல் நிறத் தலையுடையது. ஆற்றோரங்களில் அதன் பாட்டு ஒருகாலத்தில் பரவலாகக் கேட்கப்பட்டது. இனிய குரலே அதற்குப் பகையாயிற்று. கூண்டில் வளர்ப்பதற்காக இடைவிடாது பிடிக்கப்பட்டமையால், 2018ஆம் ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள பறவையாக அறிவிக்கப்பட்டது. காட்டுப் பறவைகளைக் காப்பதற்கு நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. ஆனால் உண்டிவில்லைக் கையில் ஏந்தும் சிறுவனைத் தடுக்க வேண்டியது அவன் மனமேயாகும்.

மாணவமணிகளே! நம் தோட்டப்புறங்கள் மாறி வருகின்றன. பால்மரம் சென்று செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வாழ்ந்த மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவ்விடங்களில் எந்தெந்தப் பறவைகள் வாழ்ந்தன என்பதையும், நம் முன்னோர் அவற்றை எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதையும் எழுதி வைத்தவர் மிகச் சிலரே. நம் தோட்டத்தைப் பற்றியேனும் அக்குறை நேராதிருக்கட்டும். இப்பள்ளி விடுமுறையில் ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாயிலில் காலையில் கால்மணி நேரம் அமர்ந்து, கண்ட பறவைகளை எண்ணி எழுதுங்கள். பெயர் தெரியாதவற்றைத் தாத்தா பாட்டியரிடம் கேளுங்கள். பள்ளி திறந்ததும் அக்குறிப்பேடுகளை என்னிடம் கொணர்க. அவற்றை ஒருங்கு சேர்த்து நம் தோட்டத்துப் பறவைப் பட்டியலைத் தொகுத்து, அடுத்த ஆண்டு மலரில் உங்கள் பெயர்களோடு வெளியிடுவோம்.